லாப் குட்டியா, காப்பகத்து நாயா: அக்கா மகளுக்காகப் போட்ட கணக்கு

"சித்தி, இதுல எது நல்லா இருக்கு?" என்று கேட்டு அக்கா மகள் வாட்ஸ்அப்பில் நாலு படம் அனுப்பியிருந்தாள். நாலும் லாப்ரடார் குட்டிகள். வெள்ளைத் துண்டு விரித்து, அதன்மேல் உட்காரவைத்து எடுத்த படங்கள். கீழே விற்பவர் எழுதியிருந்தது: "45 நாள். ஆண். ஹெவி போன். 12,000 ஃபிக்ஸட். டோர் டெலிவரி உண்டு." ஹெவி போன் என்றால் எலும்பு பருத்த குட்டி என்று அர்த்தம்.

எது நன்றாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. நாலுமே நன்றாகத்தான் இருந்தன. அந்த வயதில் எந்தக் குட்டிதான் நன்றாக இருக்காது? பதிலுக்கு மூன்று கேள்வி அனுப்பினேன். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? லிஃப்ட் இருக்கிறதா? வீட்டுக்காரரிடம் கேட்டாயிற்றா? பதிலும் வரிசையாக வந்தது: யாரும் இல்லை, இல்லை, இன்னும் இல்லை.

சென்னை மேடவாக்கத்தில் மூன்றாவது மாடி, வாடகை வீடு. அவளும் மாப்பிள்ளையும் ஓஎம்ஆரில் வேலை பார்க்கிறார்கள். வாரத்தில் மூன்று நாள் இருவருமே ஆபீஸ் போயாக வேண்டும். ஏழு வயதுப் பையன் பள்ளி விட்டு வந்து பக்கத்து வீட்டில் இருப்பான். நாய் வேண்டும் என்று ஆறு மாதமாக அரித்தெடுப்பவன் அவன்தான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டுக்குச் சரிப்படுவது காப்பகத்தில் இருக்கும், இரண்டு வயது தாண்டிய, கருத்தடை செய்த நாட்டு நாய். குட்டி வேண்டாம். கடைக் குட்டியும் வேண்டாம், தெருக் குட்டியும் வேண்டாம், காப்பகத்துக் குட்டியும் வேண்டாம். வாங்குவதா தத்தெடுப்பதா என்றுதான் எல்லோரும் அடித்துக்கொள்கிறார்கள். அதற்கு முன்னால் குட்டியா, வளர்ந்ததா என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை.

நானும் கேட்கவில்லை. 2016-ல் எங்கள் வீட்டுக்கும் ஒரு 45 நாள் குட்டி வந்தது. அட்டைப்பெட்டியில் பழைய செய்தித்தாள் போட்டு, அதற்குள் தூங்கிக்கொண்டே வந்தது. கூடவே ஒரு தடுப்பூசிக் கார்டு, அதில் ஒரு ஸ்டிக்கர். மூன்றாம் நாள் பாலைத் தொடவில்லை. சாயங்காலம் மஞ்சள் நுரையாக வாந்தி. இரவில் ரத்தமாகப் பேதி. பார்வோ என்கிற குடல் வைரஸ் நோய் அது. பார்வோ வந்த குட்டியின் பேதிக்கு ஒரு நாற்றம் உண்டு. ஒருமுறை முகர்ந்தவர்களுக்கு அது மறக்காது.

டாக்டர் முதலில் குட்டியின் வாயைத் திறந்து பார்த்தார். நாய்க்குப் பால் பற்கள் 28. எட்டு வாரத்துக்குள் எல்லாம் முளைத்துவிடும். இதற்குக் கடைவாயில் ஒன்றுமே இல்லை, வெறும் ஈறு. "45 நாள்னு சொன்னாங்களா? ஒரு மாசம் இருந்தாலே அதிகம்மா" என்றார். என் விரல் தடிமன் இருந்த முன்னங்காலில் ஊசி ஏற்றி ட்ரிப் போட்டார்கள். தினமும் காலை, மாலை தூக்கிக்கொண்டு போனோம். ஐந்தாம் நாள் போய்விட்டது. விற்றவரிடம் சொன்னபோது, "அடடா, கவலைப்படாதீங்க மேடம், அடுத்த ஈத்துல வேற குட்டி தர்றேன்" என்றார். மிக்ஸி ஜார் உடைந்ததற்குச் சொல்கிற மாதிரி.

அவர் வேறு குட்டி தந்திருந்தால் அதுவும் செத்திருக்கும். பார்வோ கிருமி வீட்டுத் தரையிலும் பாய்விரிப்பிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பினாயிலுக்குச் சாகாது, பிளீச்சிங் கரைசல் வேண்டும். தடுப்பூசி முழுசாகப் போட்டு முடிக்காத குட்டியை அந்த வீட்டுக்குள் பல மாதங்களுக்குக் கொண்டுவரக் கூடாது. இதை எனக்குச் சொன்னது டாக்டர், விற்றவர் இல்லை.

ஒரு ஊசி போட்டாயிற்று என்று கார்டு காட்டினால் நம்பிவிடுகிறோம். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை ஊசி மருந்து சரியாகப் பிடிக்காது. அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 6-லிருந்து 8 வாரத்தில் தொடங்கி 16 வாரம்வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். நடுவில் இருக்கிற அந்த இரண்டு மாதம்தான் கண்டம். பிறந்த இடம் எதுவானாலும் எல்லாக் குட்டிக்கும் அந்தக் கண்டம் உண்டு.

சட்டமும் இருக்கிறது. 2017-ல் வந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. எட்டு வாரம் என்றால் 56 நாள். அப்படியானால் "45 நாள்" என்று போடும் விளம்பரமே ஒப்புதல் வாக்குமூலம்தான். ஆனாலும் அதைத்தான் போடுகிறார்கள். ஆறு வாரத்துக்குமேல் வைத்திருந்தால் தீனிச் செலவு, ஊசிச் செலவு; குட்டியும் பஞ்சுப் பொதி மாதிரி இருப்பது போய் கால் நீண்டுவிடும், விலை இறங்கும். கூடப்பிறந்த குட்டிகளோடு புரண்டு, எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்று நாய் கற்றுக்கொள்வது அந்த வாரங்களில்தான். அந்தப் பாடத்தை அங்கே படிக்காத குட்டி உங்கள் பையன் கையில் படிக்கும்.

நல்ல பிரீடரே, அதாவது நாயை இனப்பெருக்கம் செய்து விற்பவரே, கிடையாது என்று சொல்ல மாட்டேன். உண்டு. தாய் நாயை, அது இருக்கிற இடத்தோடு சேர்த்துக் காட்டுவார். வருஷத்துக்கு எத்தனை ஈற்று என்று கேட்டால் முகம் சுளிக்க மாட்டார். லாப், ஜெர்மன் ஷெப்பர்ட் என்றால் பெற்றோரின் இடுப்பு எலும்பு எக்ஸ்ரே பற்றிப் பேசுவார், ஏனென்றால் இந்த இரண்டுக்கும் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரும். நீங்கள் யார், வீடு எப்படி என்று உங்களையே குடைவார். கூடுதல் விலை, காத்திருக்கவும் வேண்டும். இன நாய்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் (கேசிஐ) பேப்பர் இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். கேசிஐ தலைமையகம் நம்ம சென்னையில்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பேப்பர் சொல்வது பாட்டன் முப்பாட்டன் பெயரை. உடம்பு எப்படி என்பதை அது சொல்லாது.

ஹஸ்கியைப் பற்றி ஒரே வரி: சித்திரை வெயிலில் ஏசி அறையைவிட்டு வெளியே வர முடியாத பிராணியைச் சென்னையில் வளர்ப்பது ஆசை இல்லை, அடம். சப்பை மூக்கு 'பக்' நாய்க்கும் அதே வரிதான், கூடவே மூச்சுத் திணறல்.

மாப்பிள்ளைக்கு ஊர் ராஜபாளையம் பக்கம். "அப்போ நம்ம நாட்டு இனமே வாங்கிடலாமே" என்றார். நியாயமான ஆசை. 2005-ல் அஞ்சல் துறை நாய்களுக்கென்று வெளியிட்ட நாலு தபால்தலையில் ஒன்று ராஜபாளையம். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நமக்கு நாலு இனம் இருக்கிறது. சைதாப்பேட்டையில் கால்நடைத் துறையே நாட்டு இன நாய்களுக்கு ஒரு இனப்பெருக்கப் பிரிவு நடத்துகிறது. வெயில் தாங்கும், நோய்நொடி குறைவு. ஆனால் இவை வேலைக்கென்று உருவான நாய்கள். ராஜபாளையம் காவலுக்கு; ஒரு வீட்டோடு ஒட்டும், விருந்தாளி வந்தால் சகிக்காது. வெள்ளை உடம்பும் ரோஜா நிற மூக்குமாக இருப்பவற்றில் காது கேளாத குட்டிகள் பிறப்பது உண்டு. வாங்குவதானால் குட்டிக்குப் பின்னால் நின்று கை தட்டிப் பார்க்க வேண்டும். சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் துரத்தப் பிறந்தவை. மூன்றாவது மாடியில் அதைக் கட்டிவைப்பது பந்தயக் குதிரையைப் பால்கனியில் கட்டுவது மாதிரி. தென்காசியில் தோட்டம் இருக்கிறவர் வாங்கட்டும். மாப்பிள்ளையும் ஓய்வு பெற்று ஊருக்குப் போனபின் வாங்கட்டும்.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லாமல் போக முடியவில்லை. தமிழில் நாம் 'ஜாதி நாய்' என்கிறோம். விலை கொடுத்து வாங்கியது ஜாதி நாய், மற்றது தெரு நாய். காப்பகத்தில் பத்து வருஷமாகச் சேவை செய்யும் ஒரு அம்மா சொன்னார்: தத்தெடுக்க வருகிறவர்களில் பாதிப்பேர் வாசலிலேயே கேட்பது, "ஜாதி நாய் ஏதாவது வந்திருக்கா?" என்பதுதான். யாரும் வெட்கப்பட்டுக் கேட்பதில்லையாம்.

அடுத்தது தெருக் குட்டி. மழைக்காலம் முடிகிற சமயம் தெருவுக்கு நாலு குட்டி ஜல்லிக் குவியலுக்கு அடியில் கிடக்கும். பையன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான் என்று அக்கா மகளுக்கு இப்போதே பயம். பணச் செலவு இல்லை, ஊர்த் தட்பவெப்பம் பழகியது, வீட்டுக்குள் வந்தால் ஆட்டோ சக்கரத்திலிருந்து தப்பிக்கும். எல்லாம் சரி. ஆனால் தாயிடமிருந்து எட்டு வாரத்துக்குமுன் பிரிக்கக் கூடாது என்பது இதற்கும் உண்டு, பார்வோவும் உண்டு. இன்னொன்றும் உண்டு: வெறிநோய் குட்டிக்கும் வரும். "குட்டிதானே, பல்லுதானே பட்டுச்சு" என்று விடவே கூடாது. பல் கீறினால்கூட ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஊசிக்குப் போக வேண்டும். அரசு மருத்துவமனையில் இலவசம். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில், ஊசி முடியாத தெருக் குட்டியையும் ஏழு வயதுப் பையனையும் சேர்த்துவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

வளர்ந்த தெரு நாயை வீட்டுக்குள் கொண்டுவராமலே பார்த்துக்கொள்வதும் ஒரு வழிதான், அதைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டேன் என்கிறோம். காதின் நுனியில் 'வி' மாதிரி ஒரு வெட்டு இருந்தால் அந்த நாய்க்குக் கருத்தடை ஆகிவிட்டது. அதை வேறு பகுதியில் கொண்டுபோய் விடக் கூடாது, பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்பதுதான் தெரு நாய்க் கருத்தடைக்கான 2001 விதியும், அதற்குப் பதிலாக வந்த 2023 விதியும். எங்கள் தெரு முனை இஸ்திரி வண்டிக்கு அடியில் அப்படி ஒன்று இருக்கிறது. சோறு மூன்று வீட்டில், வருஷாந்திர ஊசி என் செலவில், தூக்கம் வண்டிக்குக் கீழே. ராத்திரி பத்து மணிக்குமேல் புது ஆள் தெருவுக்குள் வந்தால் அது முதலில் எழுந்திருக்கும். பையன் சும்மா ஒரு நாயோடு பழக வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் இதுவே போதும். ஆனால் அவனுக்கு மெத்தையில் ஏறிப் படுக்கிற நாய் வேண்டுமாம்.

சரி, காப்பகத்துக்கு வருவோம்.

சென்னைக்கு இதில் ஒரு பெருமை உண்டு. விலங்கு நல அமைப்பான புளூ கிராஸ் இங்கே 1959-ல் தொடங்கியது. விமானி கேப்டன் வி. சுந்தரம் மழை வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்ததுதான் ஆரம்பம். தெரு நாய்களைக் கொல்வதால் எண்ணிக்கை குறையாது, கருத்தடை செய்து விட வேண்டும் என்று 1964-லேயே அவர்கள் செய்யத் தொடங்கியதை, 1996-ல் மாநகராட்சி ஏற்றுக்கொண்டது. இன்றைக்கு நாடு முழுக்க ஏபிசி (அனிமல் பர்த் கண்ட்ரோல்) என்று சொல்லும் திட்டத்துக்கு வேர் இங்கேதான். 2025 ஆகஸ்டில் டெல்லித் தெரு நாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு, அதே மாதம் 22-ம் தேதி, கருத்தடையும் ஊசியும் போட்டுத் திரும்ப விடலாம் என்று மாற்றியபோது, டிவியில் பேசியவர்கள் எல்லோரும் காப்பகம் என்றால் ஏதோ காலி மண்டபம் மாதிரி பேசினார்கள். நான் பார்த்த எந்தக் காப்பகத்திலும் ஒரு காலிக் கூண்டு இருந்ததில்லை.

அங்கே போகுமுன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நம்ம ஊர்க் காப்பகம் பாதி ஆஸ்பத்திரி. அடிபட்டது, சொறி பிடித்தது, கண் போனது, முதலாளி கொண்டுவந்து விட்டது எல்லாம் ஒன்றாக இருக்கும். வாசலிலேயே மூத்திர வாடையும் டெட்டால் வாடையும் கலந்து அடிக்கும். நூறு நாய் ஒரே குரலில் குரைக்கும். முதல் தடவை போகிறவர்கள் பத்து நிமிடத்தில் தலைவலியோடு வெளியே வந்து, கண்ணில் பட்ட அழகான குட்டியைக் காட்டி "இதைக் கொடுங்க" என்பார்கள். கூட்டத்தில் டிஸ்டெம்பர் என்கிற வைரஸ் நோய் எளிதாகப் பரவும். பார்த்த அன்று துள்ளிய குட்டி, வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் மூக்கு ஒழுகலோடு படுத்தால், அதற்காகக் காப்பகத்தைத் திட்டிப் பயனில்லை. வளர்ந்த நாய் இந்தக் கண்டத்தையெல்லாம் தாண்டி நிற்கிறது. பெரும்பாலும் ஊசி போட்டிருக்கும், கருத்தடை ஆகியிருக்கும். எவ்வளவு பெரிதாக வளரும் என்ற ஜோசியம் தேவையில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் குணம் என்ன என்று சொல்ல அங்கே ஆள் இருக்கிறது.

அந்த ஆள் பெரும்பாலும் மேஜைக்குப் பின்னால் இருப்பவர் இல்லை, கூண்டு கழுவுகிறவர். நகருக்கு வெளியே ஒரு சின்னக் காப்பகத்தில் 2019-ல் நான் நின்றிருந்தபோது, ஹோஸ் பைப்பைக் கையில் வைத்திருந்த அக்காதான் சொன்னார்: "குட்டியைப் பாக்காதீங்க, அது போயிடும். அந்தக் கறுப்பைப் பாருங்க. பைக்ல அடிபட்டு வந்தது. நல்லாயிடுச்சு. ஒரு வருஷமா யாரும் கேக்கல." கறுப்பு நாயை யாரும் கேட்பதில்லை என்று எல்லாக் காப்பகத்திலும் சொல்வார்கள், போட்டோவில் முகம் விழாது என்பது ஒரு காரணம். அது கூண்டின் கோடியில், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. பின்னங்காலில் லேசான நொண்டல். மூன்று வயது இருக்கும்.

அன்றைக்கு எடுத்துக்கொண்டு வரவில்லை. இதுதான் நான் கொடுக்கிற முக்கியமான யோசனை. மூன்று முறை போங்கள். முதல் ஞாயிறு முதுகு. அடுத்த ஞாயிறு, தரையில் வைத்த மேரி பிஸ்கட்டை நான் பத்தடி தள்ளிப்போனபின் எடுத்தது. மூன்றாம் ஞாயிறு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உடம்பை என் முழங்காலில் மெல்லச் சாய்த்தது. வால் ஆட்டவில்லை, சாய்ந்தது, அவ்வளவுதான். மிளகு என்று பெயர் வைத்தோம்.

போகும்போது என்ன கேட்க வேண்டும்? துடைப்பத்தைத் தூக்கினால் என்ன செய்யும், சாப்பிடும்போது கிட்டப்போனால் உறுமுமா, பூனையைப் பார்த்தால், சின்னப் பிள்ளைகளைப் பார்த்தால், தனியாக விட்டால் ஊளையிடுமா, இதற்குமுன் யாராவது கொண்டுபோய்த் திருப்பி விட்டார்களா, ஏன்? "எல்லாமே நல்ல நாய்ங்கதான் சார்" என்று ஒரே பதில் வந்தால், அன்று திரும்பிவிட்டு வேறொரு நாள் கூண்டு கழுவும் நேரத்துக்குப் போங்கள். அவர்களும் உங்களைக் கேட்பார்கள். ஆதார் நகல், வாடகை வீடா, மாடியில் கட்டிப்போடுவீர்களா, வீட்டை வந்து பார்க்கலாமா. "ஓசியா குடுக்கிற நாய்க்கு இவ்வளவு கேள்வியா" என்று மாப்பிள்ளைக்குக் கோபம். 12,000 வாங்கிக்கொண்டு ஒரு கேள்வியும் கேட்காதவரைவிட இவர்கள் மேல் என்பது என் கட்சி.

வீட்டுக்கு வந்தபின் நடப்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மிளகு முதல் இரண்டு நாள் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் இருந்து வரவில்லை. விளக்கை அணைத்தபின்தான் சோறு. மூன்றாம் நாள் கால்மிதியில் மூத்திரம். குக்கர் முதல் விசில் அடித்ததும் குளியலறைக்குள் பாய்ந்து வாளியைக் கவிழ்த்தது. தன்னார்வலர்கள் "மூணு நாள், மூணு வாரம், மூணு மாசம்" என்பார்கள்: மூன்று நாள் பயம், மூன்று வாரத்தில் வீட்டு வழக்கம், மூன்று மாதத்தில் தன் வீடு. எங்களுக்கு ஏறக்குறைய அப்படித்தான் நடந்தது. முதல் முறை குரைத்ததே இருபதாம் நாள், கூரியர் பையனைப் பார்த்து. மூன்று மாதம் கழித்து அதே குக்கர் மூன்றாவது விசில் அடித்தால் சமையலறை வாசலில் வந்து உட்காரும். அதற்குள் வேகிறது தன் கோழிக்கழுத்தும் அரிசியும் என்று தெரிந்துவிட்டது.

கஷ்டமும் இருந்தது. முதல் வாரம் இரண்டு கயிறு, ஒன்று கழுத்துப் பட்டையில், ஒன்று மார்புப் பட்டையில். புதிதாக வந்த நாய் வெருண்டு ஓடினால் வீடு எது என்றே அதற்குத் தெரியாது. நாலாம் மாதம் உண்ணிக் காய்ச்சல். சோர்ந்து படுத்தது, ஈறு வெளுத்தது, ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் இறங்கியிருந்தது. சென்னையில் எந்த நாய்க்கும் வரும், ஜாதி பார்க்காது. மாதாமாதம் உண்ணி மாத்திரையை மறந்தது என் தப்பு. தீபாவளிக்கு இன்றைக்கும் கட்டிலுக்கு அடியில்தான். தடியை ஊன்றி வருகிற பெரியவர்களைக் கண்டால் இப்போதும் ஒதுங்கும். அதற்கு முன்கதை என்ன என்று எங்களுக்குத் தெரியப்போவதில்லை.

குட்டிக்கும் இதற்கும் வித்தியாசம் எங்கே தெரிகிறது என்றால், மாடிப்படியில். குட்டி தன் வயது மாதத்தோடு ஒன்று கூட்டினால் வருகிற மணி நேரம்தான் மூத்திரத்தை அடக்கும் என்று ஒரு தோராயக் கணக்கு. இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. ஒரு நாளைக்கு எட்டு முறை இறங்கி ஏற வேண்டும், அதில் இரண்டு நடுராத்திரியில். ஆபீஸ் போகும் நாளில் யார்? வளர்ந்த நாய் ஏழெட்டு மணி நேரம் தாங்கும். காலை ஒரு நடை, மதியம் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு பத்து நிமிடம், இரவு ஒரு நடை. மிச்ச நேரம் தூங்கும். பெரிய நாய் தூங்குகிற தூக்கம் குட்டி வளர்த்தவர்களுக்கு நம்பவே முடியாது.

பணக் கணக்கு சின்னதுதான். குட்டிக்கு விலை, மூன்று நாலு ஊசி, பதினைந்து நாளுக்கொரு முறை குடற்புழு மருந்து, ஆறேழு மாதம் கழித்து கருத்தடை ஆபரேஷன், இடையில் அது கடித்துத் தின்னும் செருப்பு, சார்ஜர், சோபா மூலை. காப்பகத்து நாய்க்கு முதலில் ஒரு நன்கொடை, வருஷத்துக்கொரு ஊசி. அதற்கப்புறம் இரண்டுக்கும் ஒரே செலவு. எங்கள் வீட்டில் கோழி, அரிசி, உண்ணி மாத்திரை எல்லாம் சேர்த்து மாதம் மூவாயிரம் ஆகிறது. 1903-லிருந்து இருக்கும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குறைந்த கட்டணத்தில் பெரிய வைத்தியமே பார்க்கலாம், காலையிலேயே போய்விட வேண்டும். மாநகராட்சி உரிமம் எந்த நாய்க்கும் கட்டாயம். வருஷத்துக்கு 50 ரூபாய்தான், மைக்ரோசிப்பும் போட்டுவிடுவார்கள். எடுக்காவிட்டால் அபராதம் 5,000 என்று 2025 கடைசியில் அறிவித்தார்கள்.

லாப்தான் வேண்டும் என்று பையன் பிடிவாதமாக இருந்தால் நடுவில் ஒரு வழி இருக்கிறது. விட்டுவிட்டுப் போன லாப். வெளிநாட்டுக்கு மாற்றல், குழந்தை பிறந்தது, "பார்த்துக்க முடியல" என்று நாலு வயது, ஐந்து வயது லாப்களைக் காப்பகத்தில் விடுகிறார்கள். இவற்றுக்கு வீட்டு வழக்கம் ஏற்கெனவே தெரியும். இடுப்பு எப்படி, நடக்கும்போது பின்பக்கம் ஆடுகிறதா என்று டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். முதல் மாதம் தனியாக விட்டால் அழும். ஒருமுறை விட்டுவிட்டுப் போனவர்களைப் பார்த்த நாய். இதை என் இரண்டாவது தேர்வாகச் சொன்னேன்.

பூனை? பகல் முழுக்க ஆளில்லாத வீட்டுக்கு உண்மையில் பூனைதான் தோது, அதுவும் ஜோடியாக. பால்கனிக்கு வலை அடித்தே ஆக வேண்டும். அக்கா மகளுக்குப் பூனை என்றால் ஆகாது, விஷயம் முடிந்தது.

இவ்வளவும் சொன்னபின் அவர்கள் எடுத்த முடிவு, முதலில் மூன்று வாரம் தற்காலிகமாக வைத்துப் பார்ப்பது. காப்பகங்கள் இதற்குச் சந்தோஷமாகச் சம்மதிக்கின்றன. சரிப்படவில்லை என்றால் திருப்பி விடுவதில் அவமானம் ஒன்றுமில்லை. இரண்டு ஞாயிறு போய் வந்துவிட்டார்கள். செம்பட்டை நிறத்தில், ஒரு காது மடிந்த பெண் நாய், இரண்டரை வயது. மெலிந்து நீண்ட கால். பையனின் கையை முகர்ந்துவிட்டு அவன் ஷூ லேஸை அவிழ்த்ததாம்.

பாக்கி வீட்டுக்காரர். நாய் வளர்க்கவே கூடாது என்று குடியிருப்போர் சங்கம் தடை போட முடியாது என்று விலங்கு நல வாரியம் சொல்லியிருக்கிறது. ஆனால் வாடகை ஒப்பந்தம் வேறு சமாச்சாரம். அதனால் நேரில் கேட்டு, வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள் என்றேன். போன வாரம் கேட்டிருக்கிறாள். அவர் யோசித்துவிட்டு, "நாய்தானே, வெச்சுக்கோங்கம்மா. என்ன ஜாதி?" என்றாராம். இவள் காப்பகத்து நாய் என்றதும், "அப்போ தெரு நாயா? ஜாதி நாய்னு நெனச்சுல்ல சரின்னேன்" என்று இழுத்திருக்கிறார்.

என்ன சொல்வது சித்தி என்று ராத்திரி பதினோரு மணிக்கு மெசேஜ். படத்தைப் பெரிதாக்கி அந்த நீண்ட காலை இன்னொரு முறை பார்த்தேன். "சிப்பிப்பாறைக் கலப்புன்னு சொல்லு" என்று எழுதினேன். பொய் என்று யார் நிரூபிக்கப்போகிறார்கள்? அதன் பாட்டி எந்த ஊர்க்காரி என்று யாருக்குத் தெரியும்.